பச்சைப்பிள்ளைக்கும் பவுத்திரம் வரும், தெரியுமா?

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை நோக்கிப் போகும் சாலையில் கொஞ்சம் கண்ணை ஓட்டுங்கள். ‘மூலம், பவுத்திரம்’ என்ற விளம்பரம் மின்கம்பத்தில் இருக்கும், மதில் சுவரில் இருக்கும். தமிழிலும் இருக்கும், மலையாளத்திலும் இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெரியவர்களின் நோய் அது என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். ஆனால் அந்தச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் தனுவச்சபுரத்தில், ஏதோ ஒரு வீட்டுத் தொட்டிலில் கிடக்கிற மூன்று மாதப் பிள்ளைக்கும் இதே பவுத்திரம் வரலாம், தெரியுமா? உட்காரவே பழகாத பிள்ளை! காரம் என்றால் என்னவென்றே அறியாத பிள்ளை! தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் ருசித்திராத பிள்ளை!

இன்னொன்று கேளுங்கள். ஒரு வயதுக்குள் இப்படி வருகிற பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாருமே ஆண் பிள்ளைகள்! பெண் குழந்தைக்கு வருவது அபூர்வம். பெரியவர்களிலும் ஆண்களுக்குத்தான் அதிகம். ஆனாலும் அங்கே இவ்வளவு ஒருதலைப்பட்சம் கிடையாது.

ஏன் ஆண் பிள்ளை? ஏன் அந்த இடம்? விடை தேடிப் போனால் கருப்பைக்குள் போய் நிற்க வேண்டும். கரு உருவான நான்காவது வாரத்தில் சிறுநீருக்கும் மலத்துக்கும் தனித்தனிப் பாதை இல்லை. எல்லாம் ஒரே அறை! பிறகு நடுவில் ஒரு சுவர் இறங்கி, ஏழாவது வார வாக்கில் அதை இரண்டாகப் பிரிக்கிறது. எட்டாவது வாரம் வெளிவாசலை மூடியிருந்த மெல்லிய சவ்வு திறந்துகொள்கிறது. உள்ளே இருந்து வந்தது குடலின் திசு. வெளியிலிருந்து உள்ளே மடிந்து போனது தோலின் திசு. இரண்டும் சந்திக்கும் கோடு நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஆயுள் முழுக்க இருக்கிறது. துணியின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துப் போட்ட தையல் மாதிரி! அந்தக் கோட்டுக்கு மேலே ஊசி குத்தினால் அவ்வளவாக வலிக்காது. அதற்குக் கீழே சின்னக் கீறல் விழுந்தாலும் உயிர் போகும். ஒரே வாசல், இரண்டு விதமான நரம்பு!

அந்தக் கோட்டின் மேலேதான் சின்னச் சின்னப் பைகள் வரிசையாக இருக்கின்றன. ஆசனவாய்ச் சுரப்பிகள் இந்தப் பைகளுக்குள் வந்து திறக்கின்றன. 1880-இலேயே பிரான்ஸில் ஹெர்மான், தெஃபோஸ் என்ற இருவர் இந்தச் சுரப்பிகளை விவரித்துவிட்டார்கள். பை அடைத்துக்கொண்டால் மலத்திலுள்ள கிருமிகள் சுரப்பிக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும். சீழ் வழி தேடித் தோல் பக்கம் உடையும். உடைந்த பிறகும் உள்வாயும் வெளிவாயும் மூடாமல் ஒரு குழாய் நின்றுவிட்டால் அதுதான் பவுத்திரம். பெரியவர்களுக்கு இது இப்படித்தான் நேர்கிறது என்று 1961-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஆலன் பார்க்ஸ் விளக்கினார். பிள்ளைகளின் கதையில் கூடுதலாக ஒரு திருப்பம்! இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பைகள் பிறவியிலேயே இயல்பைவிட ஆழமாக இருக்கின்றன, கோடும் தடித்து ஒழுங்கற்று இருக்கிறது என்று 1987-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஆகவே அம்மா என்ன தின்றாள், யார் எப்படித் தூக்கினார்கள், எந்த டயப்பர் கட்டினார்கள் என்று வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அந்தத் தாய் ஒரு தவறும் செய்யவில்லை.

ஆண் பிள்ளைக்கு ஏன் என்பதற்கும் ஒரு கருத்து உண்டு. ஆண் குழந்தை பிறந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அதன் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கிடுகிடுவென ஏறுகிறது, தெரியுமா? தொட்டில் பிள்ளைக்குக் குட்டிப் பருவ வயது! ஆறு மாத வாக்கில் தானாக இறங்கிவிடும். இந்த ஏற்றம் ஆசனவாய்ச் சுரப்பிகளைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைக்கிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நோய் தலைகாட்டும் மாதங்களும் இந்த ஹார்மோன் ஏறும் மாதங்களும் ஒத்துப்போவது உண்மை. ஆனாலும் இது இன்னும் நிரூபணம் ஆகாத கருத்துதான்.

வீட்டில் இது எப்படித் தெரியவரும்? குளிப்பாட்டும்போதோ கழுவிவிடும்போதோ ஆசனவாய்க்குப் பக்கத்தில், பெரும்பாலும் இடப்புறமோ வலப்புறமோ, சிவந்த ஒரு பரு. தொட்டால் பிள்ளை வீறிட்டு அழும். இரண்டொரு நாளில் அது மஞ்சள் முனை கட்டும், உடையும், சீழ் வரும். பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். “சூட்டுக் கட்டி மக்ளே, தானா உடைஞ்சு போவும்” என்று பாட்டி சொன்னது பலித்த மாதிரி இருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் பரு! மறுபடியும் சீழ்! ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது வெறும் சூட்டுக் கட்டியாக இருக்காது, உள்ளே குழாய் உருவாகியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை. நம் பக்கத்து வீடுகளில் கை சும்மா இருக்காது. சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்து அப்புவார்கள். விரலால் பிதுக்குவார்கள். பச்சைப்பிள்ளையின் தோல் சுண்ணாம்பைத் தாங்காது, வெந்து போகும். பிதுக்கினால் சீழ் வெளியே வருவதற்குப் பதில் பக்கத்துச் சதைக்குள் பரவலாம். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். இளஞ்சூடான நீரில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பிள்ளையின் இடுப்பு நனையும்படி சில நிமிடம் உட்கார வைத்து, மலம் கழித்ததும் வெறும் தண்ணீரால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளையை இறக்குங்கள். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய கட்டியாக இறுகியிருந்தால் அவர் சிறிதாகக் கீறிச் சீழை வடிப்பார். காய்ச்சலோ, சுற்றிலும் பரவும் சிவப்போ இருந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பார்.

அதற்குப் பிறகு? இதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த வியப்பு. பெரியவர்களின் பவுத்திரம் தானாக ஆறுவது அரிது. பிள்ளைகளின் பவுத்திரம் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது! கத்தி வேண்டாம், தையல் வேண்டாம். சில வாரமோ சில மாதமோ கசியும், நிற்கும், மறுபடி கசியும். ஒன்றரை, இரண்டு வயதுக்குள் பலருக்கு அடையாளமே இல்லாமல் போய்விடும். 1998-இல் ஜப்பானிய மருத்துவர்களும் 2000-இல் அமெரிக்க மருத்துவர்களும் குழந்தை அறுவைச் சிகிச்சை இதழ்களில் இதை எழுதினார்கள். மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிற பிள்ளைக்கு அவசரப்பட்டுக் கத்தி வைக்காமல் காத்திருங்கள் என்றார்கள். அதற்கு முன்பு இத்தகைய பிள்ளைகளை உடனே மேசையில் ஏற்றுவது சாதாரண வழக்கம்.

ஆனால் இதைச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார், தெரியுமா? சுஸ்ருதர்! பவுத்திரத்தை எட்டு மகா நோய்களில் ஒன்றாக வைத்தவர் அவர். ஒட்டகக் கழுத்து போல் வளைந்தது, சங்கின் சுழி போல் சுற்றியது, சல்லடை போல் பல கண் உடையது என்று அதை ஐந்து வகையாகப் பிரித்தவர். பெரியவர்களுக்குக் கத்தி, சதையை அரிக்கும் காரம், நெருப்பு என மூன்றையும் தயங்காமல் சொன்னவர். அப்படிப்பட்டவர் சிகிச்சைப் பகுதியில் குழந்தைக்கு வரும் பவுத்திரத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறார். பேதி மருந்து, நெருப்பு, கத்தி, காரம் நான்கும் குழந்தைக்கு நன்மை தராது, மென்மையாக வேலை செய்யும் மருந்தே போதும் என்கிறார்! குழாய்க்குள் வைக்க அவர் சொல்லும் மருந்துத் திரியில் சேர்பவை கொன்றை, மஞ்சள், தேன், நெய். கொன்றை என்றால் தனுவச்சபுரத்தில் விஷுக் கணிக்கு வைக்கிறோமே, அதே மஞ்சள் பூ மரம்தான். அந்தத் திரியை இன்று வீட்டில் செய்து பார்க்கச் சொல்லவில்லை, செய்யவும் கூடாது. கத்தியைக் கைவசம் வைத்திருந்த ஒருவர், குழந்தையிடம் வந்ததும் அதைக் கீழே வைத்த அந்த அறிவைத்தான் நினைத்து நினைத்து வியக்கிறேன்.

ஜப்பானில் இன்றும் சில குழந்தை மருத்துவமனைகளில் இந்தப் பிள்ளைகளுக்கு ஹைனோசான்கியுதோ என்ற மூலிகைத் தூள் கொடுக்கிறார்கள். அதில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? அதிமதுரம்! இஞ்சி! இலந்தை இனத்துப் பழம்! நம் அஞ்சறைப் பெட்டிக்கும் தோட்டத்துக்கும் தெரிந்த பொருள்கள்தாம். பிளாட்டிகோடான் வேர், பியோனி வேர், முற்றாத ஆரஞ்சுக் காய் ஆகியவையும் சேரும். அங்கே மருத்துவர் எடைக்கு ஏற்ப அளந்து எழுதித் தருகிறார்.

சரி, எப்போது அறுவை? மாதக்கணக்கில் கசிவு நிற்காமல் போனால், ஒரு வயது தாண்டியும் கட்டி திரும்பத் திரும்ப வந்து பிள்ளையை வாட்டினால், அப்போது. அதுவும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பெரியவர்களின் பவுத்திரம் சுருக்குத்தசைக்குள் வளைந்து நெளிந்து ஓடலாம். பிள்ளைகளுடையது தோலுக்குச் சற்றுக் கீழே நேர்கோடாக உள்வாய்க்குப் போகும்! 1900-இல் டேவிட் குட்சால் என்ற ஆங்கிலேயர் பெரியவர்களுக்கு ஒரு விதி வகுத்தார். வெளித் துளை இருக்கும் இடத்தைப் பார்த்தே குழாய் வளைவா நேரா என்று ஊகிக்கலாம் என்பது அது. பிள்ளைகளிடம் அந்த விதி பெரும்பாலும் செல்லுபடியாவதில்லை, எங்கே துளை இருந்தாலும் நேர்வழிதான். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, குழாயைத் திறந்துவிடுவார்கள். நோயின் வேரான அந்த ஆழமான பையையும் சேர்த்துத் திறப்பார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம்.

பெரியவர்களின் பவுத்திரத்துக்கு உலகம் பட்ட பாடு தனிக் கதை. பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயிக்கே வந்தது! 1686 நவம்பர் 18 அன்று ஷார்ல் ஃபிரான்ஸ்வா ஃபெலிக்ஸ் என்ற அறுவையாளர் அதற்கென்றே வளைந்த கத்தி ஒன்றைச் செய்து, மயக்க மருந்து என்பதே இல்லாத அந்தக் காலத்தில் மன்னனைக் கீறினார். அதற்கு முன் பல மாதம் ஏழை நோயாளிகளிடம் பழகிப் பார்த்துக்கொண்டார் என்பது மனதை உறுத்தும் செய்தி. 1841-இல் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கும் இதே அறுவை, மயக்க மருந்தின்றி. செய்தவர் ஃபிரெடரிக் சால்மன். பவுத்திரக்கார ஏழைகளுக்காகவே 1835-இல் லண்டனில் ஏழு படுக்கையோடு மருத்துவமனை தொடங்கியவர். பின்னாளில் செயின்ட் மார்க்ஸ் என்று உலகப் புகழ் பெற்ற மருத்துவமனை அது!

நம் நாட்டின் பங்கு இன்னும் சுவாரஸ்யம். நூலில் இலைக்கள்ளிப் பாலைத் தடவிக் காயவைத்து, மறுபடி தடவி, இப்படிப் பதினொரு பூச்சு. அதன்மேல் பாலோடு நாயுருவிக் காரம் ஏழு பூச்சு. கடைசியில் மஞ்சள் மூன்று பூச்சு. மொத்தம் 21! இதுதான் க்ஷார சூத்திரம். நம் பக்கத்து வேலியோரங்களில் கேட்பாரற்று முளைக்கும் நாயுருவிதான், மலையாளத்தில் கடலாடி. இந்த நூலைக் குழாய்க்குள் கோத்துக் கட்டிவிட்டால் அது மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே பின்னாலேயே ஆற்றிக்கொண்டு வரும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1960-களில் இதற்கு மறுவாழ்வு கிடைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர்களில் இதை அறுவையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டது. ஆறுவதற்கு நூலுக்கு 8 வாரம், அறுவைக்கு 4 வாரம். ஆனால் நோய் திரும்பி வந்தது நூலில் 4 சதவீதம் பேருக்கு, அறுவையில் 11 சதவீதம் பேருக்கு! 1889-இல் தொடங்கிய பாரம்பரியம் கொண்ட ஆயுர்வேதக் கல்லூரி திருவனந்தபுரத்திலேயே இருப்பதால் நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு இந்த நூல் புதிதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்தச் சோதனை வயது வந்தவர்களிடம் நடந்தது. காரம் குழந்தைக்கு ஆகாது என்று சுஸ்ருதரே சொல்லியிருக்கும்போது, மூலம் பவுத்திரப் பலகை பார்த்துப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இதுவரை சொன்னது பிறந்த பிறகு வருகிற பவுத்திரம். ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத வேறொன்று உண்டு. அது பிறவியிலேயே வருவது.

ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்று ஆசனவாய் உரிய இடத்தில் திறக்காமல் பிறக்கிறது, தெரியுமா? முன்பு சொன்னேனே, ஒரே அறையை இரண்டாகப் பிரிக்கும் சுவர், கடைசியில் திறக்கும் சவ்வு என்று? அந்த வேலை பாதியில் நின்றுபோனால் இப்படி ஆகும். வழி கிடைக்காத மலக்குடல் சும்மா நிற்பதில்லை. மெல்லிய குழாய் ஒன்றை நீட்டி வேறெங்காவது போய்த் திறந்துகொள்கிறது! ஆண் பிள்ளைக்கு அது சிறுநீர்ப் பாதையில் திறந்தால் சிறுநீரில் பச்சை நிறத்தில் மலம் கலந்து வரும். பெண் பிள்ளைக்குப் பிறப்புறுப்பின் வாசலில் திறக்கும். சிலருக்கு ஆசனவாய் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் ஊசித் துளை அளவுக்கு ஒரு வாய் மட்டும் இருக்கும். சிலருக்குத் தோலுக்கடியில் கருங்கோடு போல மலம் தெரியும்.

பிறந்த உடனே மருத்துவர்கள் கத்தியை எடுக்காமல் 16 முதல் 24 மணி நேரம் பார்க்கிறார்களே, ஏன்? பாட்டிமார் காட்டுப்பீ என்று சொல்லும் அந்த முதல் மலம், கெட்டியான கரும்பச்சைக் குழம்பு. மெல்லிய குழாய் வழியாக அது வெளியே வர வேண்டுமென்றால் குடலுக்குள் போதுமான அழுத்தம் சேர வேண்டும். அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. எங்கே வந்து எட்டிப்பார்க்கிறது என்பதை வைத்துத்தான் எந்தச் சிகிச்சை என்று முடிவாகும். அந்த நேரத்தில் மருத்துவர்கள் இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, உணவுக்குழாய் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். கீழே ஒரு குறை இருந்தால் அங்கேயும் குறை இருக்க வாய்ப்பு அதிகம்.

குடல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1930-இல் அமெரிக்காவில் வாங்கன்ஸ்டீன், ரைஸ் இருவரும் ஒரு வழி கண்டார்கள். பிறந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து எக்ஸ்ரே! குடலுக்குள் இருக்கும் காற்று மேலே ஏறிக் கடைசி முனைக்கு வந்து நிற்கும். படத்தில் முனை தெரிந்துவிடும். அரை நூற்றாண்டு உலகமே பிள்ளைகளைத் தலைகீழாகப் பிடித்தது. அந்தக் கொடுமைக்கு மாற்று சொன்னவர்கள் யார் தெரியுமா? நம் சண்டிகர் மருத்துவர்கள்! நரசிம்மராவும் கூட்டாளிகளும் 1983-இல் எழுதினார்கள்: பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பை மட்டும் சற்று உயர்த்தி, பக்கவாட்டில் படம் எடுத்தாலே போதும். காற்று அப்போதும் மேலே ஏறும், பிள்ளையும் துன்பப்படாது. இன்று பல நாடுகளிலும் இதுதான் வழக்கம். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்கத் தோன்றியதே, அதுதான் பெரிது!

இனி வரலாற்றில் என் மனதை உலுக்கிய பிள்ளை ஒன்று. 1710-இல் பாரிஸில் அலெக்சி லித்ர் என்பவர் இப்படி இறந்த ஒரு குழந்தையின் உடலைப் பார்த்துவிட்டு, குடலை வயிற்றுப் பக்கம் வெளியே திறந்துவிட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமே என்று எழுதினார். யாரும் துணியவில்லை. 83 ஆண்டு கழித்து, 1793-இல், பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுக நகரில் துய்ரே என்ற அறுவையாளர் பிறந்து மூன்றே நாளான பிள்ளைக்கு அதைச் செய்தார். மயக்க மருந்து இல்லை, கிருமிநாசினி இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. அந்தப் பிள்ளை எவ்வளவு காலம் வாழ்ந்தது தெரியுமா? 45 வயது வரை!

குடலை வயிற்றில் திறந்துவிடும் அதே அறுவை, கொலாஸ்டமி, இன்றும் முதல் படி. குடல் உயரத்தில் நின்றுவிட்ட பிள்ளைக்கு முதல் ஓரிரு நாளில் வயிற்றில் வழி செய்து மலத்தைத் திருப்பிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து ஆசனவாயைக் கட்டுகிறார்கள். அது ஆறிய பிறகு வயிற்று வழியை மூடிவிடுகிறார்கள். வயிற்றில் பை தொங்குவதைப் பார்த்து உடைந்துபோகும் தாய்மார்களே, அது தற்காலிகம். நடுக்கட்டமான அந்த அறுவையை மாற்றி அமைத்தவர் மெக்சிகோவின் அல்பெர்த்தோ பேஞா. 1980 ஆகஸ்ட் 10 அன்று பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, வால் எலும்பிலிருந்து முன்னோக்கி மிகச் சரியாக நடுக்கோட்டில் கீறினார். நரம்புகள் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை! அதனால் அங்கே எவ்வளவு ஆழம் போனாலும் சேதம் குறைவு. மின்தூண்டியால் தொட்டுத் தொட்டு எந்தத் தசை சுருங்குகிறது என்று பார்த்து, அந்தத் தசை வளையத்தின் நடுவிலேயே குடலைக் கொண்டுவந்து வைக்கலாம். அதுவரை அறுவையாளர்கள் கண்ணால் முழுதாகப் பார்க்காமலே செய்துவந்த வேலை அது.

அறுவை முடிந்தால் கதை முடிந்ததா? இல்லை, அம்மா அப்பாவின் வேலை தொடங்குகிறது. புது வாசல் சுருங்கிவிடாமல் இருக்க, ஹெகர் என்ற உலோகக் கம்பியை ஒரு நாளைக்கு இரண்டு முறை வீட்டிலேயே விட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஓர் அளவு பெரிது. வயதுக்கு ஏற்ற அளவு வரும்வரை. இதைப் பாதியில் விட்டுப் பிள்ளையின் வழி சுருங்கிப்போவதுதான் பெரிய இழப்பு. பிற்காலத்தில் மலச்சிக்கல் வந்தால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. தசையும் நரம்பும் பலவீனமாகப் பிறந்த பிள்ளைகளுக்கு முழுக் கட்டுப்பாடு வராமல் போகலாம். அவர்களுக்கும் வழி இருக்கிறது: நாளுக்கு ஒரு முறை குடலைக் கழுவிவிட்டால் நாள் முழுக்கச் சுத்தமாகப் பள்ளிக்கூடம் போய் வரலாம். குடல்வாலையே வயிற்றுத் தோலில் சின்ன வாயாகத் திறந்து, மேலிருந்து நீர் விட்டுக் கழுவும் முறையை 1990-இல் இங்கிலாந்தின் மலோன் சொன்னார். எதற்கும் உதவாது என்று நாம் கேலி பேசும் குடல்வால் ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுகிறது!

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. பிறப்புறுப்பு வாசலில் திறக்கும் குழாய் ஓரளவு அகலமாக இருந்தால் மலம் வந்துகொண்டிருக்கும், பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும், யாரும் கவனிக்காமலே இருந்துவிடுவார்கள். கவனித்தாலும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைப்பார்கள். நம் நாட்டில் இப்படி வயது தாண்டி வரும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது குழந்தை அறுவையாளர்கள் எல்லாரும் அறிந்த வேதனை. சில பெண் பிள்ளைகளுக்கு ஆசனவாய் சரியான இடத்தில் இருக்கும், கூடவே முன்பக்கமும் ஒரு குழாய் திறந்திருக்கும். இந்த இரட்டை வாசல் வகை ஆசியாவில்தான் அதிகம் காணப்படுகிறது! ஒரு பக்கம் சரியாக மலம் போவதால் இது இன்னும் எளிதாகக் கண்ணுக்குத் தப்பும்.

மிக அரிதான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த சில மாதத்திலேயே ஒன்றல்ல, பல பவுத்திரங்கள். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, இரத்தம், எடை ஏறவே இல்லை. இப்படி ஒரு பிள்ளை இருந்தால் குறை ஆசனவாயில் இருக்காது, உடம்பின் எதிர்ப்பு சக்தியில் இருக்கலாம். குடல் அழற்சியை அடக்கும் இன்டர்லூக்கின் 10 என்ற சமிக்ஞையைப் பெறும் மரபணுவில் பிழை இருந்தால் இப்படி நேரும் என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு அந்த நோய் அடங்கியது! எங்கோ மஜ்ஜையை மாற்ற, எங்கோ துளை மூடுகிறது. இரண்டு வயதுக்கு மேல் புதிதாகப் பவுத்திரம் வரும் பிள்ளைக்கும் கிரோன் என்ற குடல் அழற்சி நோய், காசநோய் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

தனுவச்சபுரத்திலிருந்து எங்கே போவது? பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் காட்ட அவை போதும். குழந்தை அறுவையாளர் வேண்டுமென்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்து எஸ்.ஏ.டி. மருத்துவமனை. ரயிலேறினால் தூரமே இல்லை. அந்த எஸ்.ஏ.டி. யார் தெரியுமா? ஸ்ரீ அவிட்டம் திருநாள், திருவிதாங்கூர் அரச குடும்பத்துச் சிறுவன். இதய நோயால் 1944-இல் ஆறே வயதில் இறந்துபோனான். அந்தப் பிள்ளையின் நினைவாக எழுந்த மருத்துவமனை 1952 முதல் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எல்லையோரக் குடும்பங்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாநிலம் பார்த்து நடப்பதில்லை. அதனால் எந்த மாநிலத்துக் குடும்ப அட்டை, எந்த மாநிலத்துக் காப்பீட்டு அட்டை என்று பார்த்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பிள்ளை பிறந்த அன்றே, சோறு தண்ணீர் எல்லாம் அப்புறம், துணியை விலக்கி ஆசனவாய் இருக்கிறதா, இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பாருங்கள். காட்டுப்பீ ஒரு நாளைக்குள் அந்த வழியாகத்தான் வருகிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். மாதங்கள் போய் பரு வந்தால் பதற வேண்டாம்; எந்த நாள் வந்தது, எந்த நாள் உடைந்தது என்று காலண்டரில் குறித்து, கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் மூன்று மாதம் நிறையாத பிள்ளைக்குக் கட்டியோடு காய்ச்சலும் வந்தால், பால் குடிக்காமல் சோர்ந்தால், சிவப்பு தொடை வரை பரவினால், அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரியாக இருந்தாலும் திங்கள் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அப்போதே கிளம்புங்கள்.